இடைக்கழியில் மூன்று இரவு

1

சென்ற தை மாதத்தில் எங்கள் வீட்டைத் தீவுப் பைத்தியம் பிடித்துக் கொண்டது. காரணம், எதிர் வீட்டுக்காரர்கள். அவர்கள் குடும்பத்தோடு ஆகாய விமானத்தில் மாலத்தீவுக்குச் சென்று, ஐந்து நாள் தங்கிவிட்டுத் திரும்பி வந்திருந்தார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. முந்நூறு புகைப்படங்களையும் கூடவே கொண்டு வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவ்வளவையும் நாங்கள் பார்த்து முடித்தோம். நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, தென்னையின் கீழே சாய்வு நாற்காலி, சாய்வு நாற்காலியில் எதிர் வீட்டுக்காரர். முந்நூறு படங்களிலும் இவைதாம் இடம் மாறி மாறிக் காட்சியளித்தன.

வீட்டுக்குத் திரும்பியதும் என் பெண், "அப்பா! நாமும் ஒரு தீவுக்குப் போக வேண்டும்" என்றாள்.

"தீவுக்குப் போய் என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் செய்ய மாட்டேன். அதற்குத்தானே தீவு?"

பதிலுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஆதரவு தேடி என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். "மாலத்தீவுதான் வேண்டுமென்று நான் சொல்லவில்லை. சுற்றிலும் தண்ணீர் இருக்க வேண்டும். அடுப்பங்கரை என் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடம் எங்கே இருந்தாலும் எனக்குச் சம்மதம்" என்றாள் அவள்.

மாலத்தீவு தேசத்தில் ஏறக்குறைய 1,200 தீவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றாவது என் சம்பளத்துக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே, அன்றிரவு எங்கள் பூர்வீகமான செங்கற்பட்டு ஜில்லாவின் படத்தை விரித்து வைத்துக் கொண்டு உட்கார்ந்தேன். படத்தின் கிழக்கு ஓரத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வியப்பு மேலிட்டது. கடலை ஒட்டி, பாகவதர் அங்கவஸ்திரத்தின் கரை போல, ஒரு மெல்லிய நிலக்கீற்று. அதற்கு மேற்கே மறுபடியும் நீல வர்ணம். முட்டுக்காட்டில் கழி, அங்கிருந்து தெற்கே பக்கிங்காம் கால்வாய், சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே பாலாற்றின் முகத்துவாரம், அதற்கும் தெற்கே ஓதியூர்க் கழி. கிழக்கிலும் தண்ணீர், மேற்கிலும் தண்ணீர். ஜில்லாவின் தென்கோடியில் அந்த நிலத்துக்குப் பெயரும் எழுதியிருந்தது: இடைக்கழிநாடு!

கழிகளுக்கு இடையே இருக்கும் நாடு இடைக்கழிநாடு. இது நேற்று வைத்த பெயர் அல்ல. பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையை இயற்றிய புலவரின் பெயரே இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார்தான். ஓய்மானாட்டு நல்லியக்கோடனை 269 அடிகளில் பாடிய அந்தப் புலவர், இரு நீருக்கு நடுவே கிடக்கும் இந்த மணல் நாட்டைத் தம் பெயரோடு சேர்த்துச் சாசுவதமாக்கி விட்டார். சங்கப் புலவர் ஒருவர் குடியிருந்த தீவு நம் ஜில்லாவிலேயே இருக்கும்போது, கடவுச்சீட்டு எதற்கு?

மறுநாள் காலையில் சபையில் என் தீர்மானத்தை வெளியிட்டேன். கடப்பாக்கத்துக்கு அருகே என் சிநேகிதர் ஒருவருக்குத் தென்னந்தோப்பும் அதில் ஒரு சிறு வீடும் உண்டு. மாமல்லபுரத்தில் ஓர் இரவு, தோப்பில் இரண்டு இரவு என்று பிரயாணத் திட்டம் ஏகமனதாக நிறைவேறியது. "நாலு பக்கம் தண்ணீர் என்றேனே, இங்கே இரண்டு பக்கந்தானே இருக்கிறது?" என்று மனைவி மட்டும் ஒரு திருத்தம் கொண்டு வந்தாள். மற்ற இரண்டு பக்கத்தையும் நேரில் காட்டுவதாக வாக்களித்தேன்.

2

நேரே கடற்கரைச் சாலையில் மோட்டாரில் போயிருந்தால் சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் மாமல்லபுரம் சேர்ந்திருக்கலாம். ஆனால் தீவுக்குப் போகிறவன் அவசரப்படலாமா? ரயிலில் செங்கற்பட்டுக்குப் போனோம். ஊர் வருவதற்கு முன் கொளவாய் ஏரி ரயிலுக்குப் பக்கத்திலேயே விரிந்து கிடக்கிறது. விஜயநகர காலத்துக் கோட்டையின் நடுவே ரயில் பாதை ஊடுருவிச் செல்கிறது. 1749இல் இந்தக் கோட்டையையும் ஜாகீரையும் முசாபர் ஜங் புதுச்சேரி துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அளித்தார். பிள்ளையவர்களை இன்னும் சற்று நேரத்தில் கடற்கரையிலும் சந்திக்கப் போகிறோம்; நேயர்கள் பெயரை ஞாபகம் வைத்துக் கொள்ள வேண்டும்.

செங்கற்பட்டிலிருந்து கிழக்கே பஸ்ஸில் சென்றால் வழியில் திருக்கழுக்குன்றம். வேதகிரியின் உச்சிக்கு நாள்தோறும் நடுப்பகலில் இரண்டு வெண்ணிறக் கழுகுகள் வந்து அர்ச்சகர் கையால் உணவு அருந்திப் போகும் காட்சியைக் காண, ஒரு காலத்தில் தேசமெங்குமிருந்து ஜனங்கள் வந்தார்கள். என் தகப்பனார் என்னைத் தோளில் வைத்துக் கொண்டு அதைக் காட்டியிருக்கிறார். என் குழந்தைகளுக்குக் காட்ட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. கழுகுகள் வருவது நின்று பல வருஷங்கள் ஆகிவிட்டன. குன்றும் இருக்கிறது, கோயிலும் இருக்கிறது. விருந்தாளிகள் மட்டும் வரவில்லை. பஸ் ஜன்னல் வழியாகக் குன்றைப் பார்த்தபோது உண்டான அந்தச் சிறு ஏக்கம் பிரயாணம் முழுவதும் என்னை விட்டு நீங்கவில்லை. அதன் காரணம் மூன்றாம் நாள் இரவில்தான் விளங்கிற்று.

மாமல்லபுரத்தை நெருங்கும்போது பஸ் ஒரு பாலத்தைக் கடக்கிறது. கீழே ஓடுவது பக்கிங்காம் கால்வாய். "இதுதான் நம் தீவின் மேற்குக் கரை" என்று குழந்தைகளுக்குக் காட்டினேன். 1877-78இல் தாது வருஷப் பஞ்சத்தின்போது, பட்டினியால் வாடிய ஏழை மக்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டு இந்தக் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டி இணைத்தார்கள். அப்போது சென்னைக் கவர்னராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். மண்ணைச் சுமந்தவர்களின் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை. சாலைகள் வருவதற்கு முன்பெல்லாம் சென்னைவாசிகள் இரவில் படகேறிக் கால்வாய் வழியாக வந்து, விடியற்காலையில் மாமல்லபுரத்தில் இறங்குவார்கள். தீவுக்குப் படகில்தானே போக வேண்டும்! அந்தக் காலத்தவர்கள் முறை தெரிந்தவர்கள்.

3

மாமல்லபுரத்தின் சிற்பங்களைப் பற்றி எழுதாத பேனா தமிழ்நாட்டில் இல்லை. ஆகையால் நான் எழுதப் போவதில்லை. 1984ஆம் வருஷத்தில் உலக மரபுச் செல்வம் என்று ஐக்கிய நாடுகளின் ஸ்தாபனமே அங்கீகரித்த இடம் அது. 2019 அக்டோபரில் நம் பிரதம மந்திரியும் சீன அதிபரும் உலாவிப் பேசிய இடம். 2022இல் சதுரங்க ஒலிம்பியாட் நடந்ததும் இங்கேதான். இத்தனை பெருமை வாய்ந்த ஊருக்கு நாம் செய்யும் மரியாதை என்ன? காலை பத்து மணிக்குப் பஸ்ஸிலிருந்து இறங்குகிறோம். வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவது போல் நின்று ஒரு படம் எடுத்துக் கொள்கிறோம். ஐந்து ரதங்களையும் அரை மணியில் பார்த்து முடிக்கிறோம். வெயிலில் வறுபட்டு, இளநீர் குடித்து, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு ஓடுகிறோம். எவ்வளவோ பேருக்கு மாமல்லபுரம் என்றால் தலைவலியின் ஞாபகந்தான் மிஞ்சியிருக்கிறது.

அங்கே ஓர் இரவு தங்கிப் பார்க்க வேண்டும். சாயங்காலம் கடைசிக் கூட்டமும் பஸ் ஏறிப் போன பிறகு, தெருவில் உளிச் சத்தம் ஒன்றுதான் கேட்கிறது. பல்லவர் காலத்தில் தொடங்கிய சத்தம் இன்னும் ஓயவில்லை. 1957இல் தொடங்கிய அரசாங்கச் சிற்பக் கல்லூரியில் பயின்ற வாலிபர்களும், தகப்பன் கைவழியாகத் தொழில் கற்றவர்களும் தெருவோரப் பட்டறைகளில் உட்கார்ந்து கல்லைக் கொத்துகிறார்கள். பிறகு அதுவும் அடங்குகிறது. குன்றின்மேல் 1904ஆம் வருஷத்துக் கலங்கரை விளக்கத்தின் ஒளி கடலின்மேல் சுற்றி வருகிறது. அலையோசை ஊருக்குள் நுழைகிறது.

விடியற்காலையில் கடற்கரைக்குப் போனோம். ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த கடற்கரைக் கோயில், கிழக்கே வெளுக்கும் வானத்துக்கு எதிரே கருநிழலாய் நின்றது. பைபர் படகுகள் கரையை நோக்கி வந்து கொண்டிருந்தன. கட்டுமரங்கள் ஒன்றிரண்டுதான் கண்ணில் பட்டன. மீனவ ஸ்திரீகள் கூடைகளுடன் மணலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். என் பையன் மணலைத் தோண்டிக் கொண்டே, "இதற்கடியில் என்ன இருக்கும், அப்பா?" என்று கேட்டான்.

அவன் கேட்டது விளையாட்டுக் கேள்வி. அதற்கு உண்மையான பதில் உண்டு. இந்தக் கரையில் மணலுக்கடியில் கோயில்கள் இருக்கின்றன. 1990இல் கடற்கரைக் கோயிலின் அருகே மணலை அகற்றியபோது ஒரு சிற்றாலயமும் வராக விக்கிரகமும் வெளிப்பட்டன. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்து திரும்பிய பிறகு, வடக்கே சாளுவன்குப்பத்தில் கல்வெட்டுள்ள பாறை ஒன்று வெளியே தெரிந்தது. 2005இல் தொல்பொருள் ஆராய்ச்சியாளர்கள் அங்கே தோண்டினார்கள். பல்லவர் காலத்து முருகன் கோயிலின் அடித்தளம் கிடைத்தது. அதற்கும் கீழே, பல்லவர்களுக்கு முற்பட்ட செங்கல் கோயில்! கடல் அடித்துக் கொண்டு போகாமல் மணல் அதை மூடிக் காப்பாற்றி வைத்திருந்தது.

"அப்படியானால் மணல்தான் இங்கே காவற்காரன்" என்றான் பையன். அவன் வாயில் எதேச்சையாக வந்த அந்த வார்த்தையின் பொருளை மறுநாள் ஒரு படகுக்காரர் எங்களுக்கு விளக்கிச் சொன்னார்.

4

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே செல்லும் சாலை மிக ரம்மியமானது. சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கோட்டையையும், அதற்குள்ளே சித்திர வேலைப்பாடு செய்த அவர்களுடைய கல்லறைகளையும் பார்த்தோம். மெல்லிய மஸ்லின் துணிக்காகக் கடல் கடந்து வந்தவர்கள் அவர்கள். துணி போய்விட்டது, கல்லறை இருக்கிறது. பக்கத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம். அதைத் தாண்டிப் பாலாற்றின் நீண்ட பாலம். பிறகு தென்னந்தோப்புகளும் சவுக்குத் தோப்புகளும் உப்பளங்களும் மாறி மாறி வருகின்றன. சுமார் 35 கிலோமீட்டர் வந்தால் முதலியார்குப்பம். அங்கே சுற்றுலாத் துறையாரின் படகுத் துறை இருக்கிறது. ஓதியூர்க் கழியைப் படகில் கடந்து, எதிர்க்கரை மணல் திட்டில் இறங்கிக் கடலைப் பார்த்துவிட்டு வரலாம். அவசரக்காரர்களுக்கு அது போதும். எங்களுக்கு அவசரமில்லையாகையால் இன்னும் தெற்கே கடப்பாக்கம் போய், சிநேகிதரின் தோப்பு வீட்டில் மூட்டைகளை இறக்கினோம்.

மறுநாள் காலை ஆலம்பரைக் கோட்டைக்கு நடந்தோம். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த கோட்டை அது. ஒரு காலத்தில் அங்கே நாணயச் சாலை இருந்தது. துறைமுகத்திலிருந்து உப்பும் ஜவுளியும் கப்பலேறின. ஆனந்தரங்கப் பிள்ளையின் புகழ்பெற்ற நாட்குறிப்பில் ஆலம்பரை என்ற பெயர் அடிக்கடி வருகிறது. 1750இல் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துப் போட்டார்கள். மிச்சமிருந்த சுவர்களிலும் ஒரு பகுதியை 2004ஆம் வருஷத்துப் பேரலை சிதைத்தது. இப்போது ஆடுகள் மேய்கின்றன. சுவரில் ஏறி நின்று கிழக்கே பார்த்தால், முதலில் கழி. கழிக்கு அப்பால் வெண்மணல். மணலுக்கு அப்பால் சமுத்திரம்.

கழிக்கரையில் நின்ற படகுக்காரர் ஒருவரிடம் எதிரே இருக்கும் மணலுக்குப் போக வேண்டும் என்றேன். ஐம்பது வயதிருக்கும். காற்றிலும் உப்பிலும் ஊறிய தேகம். "தீவுக்குத்தானே? வாங்க, ஐயா" என்றார். மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். "ஊர்க்காரரே தீவு என்று சொல்லிவிட்டார்" என்று நான் மெதுவாகச் சொன்னதும், அவள் தன் திருத்தத்தை வாபஸ் வாங்கிக் கொண்டாள்.

படகு நகர்ந்தது. கழியின் நீர் கண்ணாடி போல் அசையாமல் கிடந்தது. தூரத்தில் கூழைக்கடாக்கள் வரிசையாக நீந்தின. ஆழமில்லாத இடத்தில் ஒரு பூநாரைக் கூட்டம் தலையைத் தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்த்து இரை தேடிக் கொண்டிருந்தது. இடுப்பளவு நீரில் ஒரு மூதாட்டி கைகளால் தடவித் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்திருந்த பறியில் போட்டுக் கொண்டிருந்தாள்.

தீவில் இறங்கினோம். அங்கே என்ன இருந்தது? ஒன்றுமில்லை! கடையில்லை, கம்பமில்லை, சாய்வு நாற்காலியில்லை. மணலின்மேல் அடும்பங்கொடி படர்ந்து ஊதாப் பூப் பூத்திருந்தது. நெய்தல் நிலத்துப் புலவர்கள் பாடிப் பாடிக் களித்த அதே அடும்பு. நண்டுகள் எங்களைக் கண்டதும் வளைக்குள் ஓடின. ஒரு பக்கம் அலையின் ஓங்காரம். மறு பக்கம் கழியின் மௌனம். நடுவே நூறடி நடந்தால் ஓசையிலிருந்து அமைதிக்குப் போய்விடலாம்.

படகுப் பாயைக் கழிகளில் கட்டி எங்களுக்கு நிழல் செய்து கொடுத்தார் படகுக்காரர். அந்த நிழலில் நான் படுத்தேன். எவ்வளவு நேரம் தூங்கினேனோ தெரியாது. விழித்தபோது என் பெண் மணலில் மல்லாந்து கிடந்தாள். "என்ன செய்கிறாய்?" என்று கேட்டேன். "ஒன்றும் செய்யவில்லை" என்றாள். அவள் முகத்தில் தெரிந்த திருப்தியை அதற்கு முன் நான் கண்டதில்லை. என் மனைவியோ ஒரு மணி நேரமாக அலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளாம். "இத்தனை நேரத்தில் ஒருவரும் என்னை எதுவும் கேட்கவில்லை" என்றாள். பதினைந்து வருஷத்தில் அவள் அனுபவித்த முதல் விச்ராந்தி அது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பையன் மட்டும் கடலில் இறங்கிக் குளிக்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தான். படகுக்காரர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். "மேலே பார்த்தால் சாதுவாயிருக்கும், தம்பி. கீழே இழுப்பு இருக்கும். கழியிலே குளி" என்றார். இந்தக் கரை முழுவதற்கும் இது பொருந்தும். மாமல்லபுரத்து அலையில் விளையாடப் போய்த் திரும்பாதவர்கள் உண்டு. எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்பதை அந்தந்தக் குப்பத்து மீனவரைக் கேட்டுத் தெரிந்து கொண்ட பிறகே தண்ணீரில் கால் வைக்க வேண்டும்.

5

திரும்பும் வழியில் படகுக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். "இந்தத் தீவு எப்போதும் இப்படியே இருக்குமா?"

அவர் சிரித்தார். "எப்படி இருக்கும், ஐயா? போன வருஷம் நாம் இறங்கின இடத்திலே தண்ணீர் ஓடிற்று. ஐப்பசி கார்த்திகையிலே மழைத்தண்ணீர் வந்து கழி நிரம்பினால், மணலை உடைத்துக் கொண்டு கடலுக்குப் போகும். முகத்துவாரம் திறக்கும். அப்போதுதான் மீன் குஞ்சும் இறாலும் கழிக்குள்ளே வரும். கோடையிலே அலை மணலைக் கொண்டு வந்து வாயை அடைத்துவிடும். அது பாட்டுக்கு அது நடக்கும். நடக்க விட்டால் எங்களுக்குச் சோறு."

"நடக்க விடாமல் யார் தடுக்கிறார்கள்?"

"கடலைப் பார்த்தாற்போல் வீடு வேண்டும் என்கிறார்கள். மணல் மேட்டைச் சமன் செய்கிறார்கள், மதில் வைக்கிறார்கள். அலை வந்து மதிலை இடித்தால் கல்லைக் கொட்டச் சொல்கிறார்கள். கொட்டின இடம் நிற்கும். வடக்கே இருக்கிறவன் கரை கரைந்து போகும்."

படிப்பில்லாதவர் என்று நாம் எண்ணக்கூடிய அவர் சொன்னது சாஸ்திர சம்மதமான உண்மை. நம்முடைய சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக் கொண்டு போகின்றன. வாடைக்காற்று வீசும் மாதங்களில் சிறிது திரும்பி வருகிறது. வரவு செலவுக் கணக்குப் பார்த்தால், வருஷந்தோறும் பெருமளவு மணல் வடக்கு நோக்கிப் பிரயாணம் செய்கிறது. வழியில் கல்லணை ஒன்று குறுக்கிட்டால், அதன் தெற்கே மணல் குவியும். வடக்கே கரை பட்டினி கிடக்கும். 1876இல் சென்னைத் துறைமுகத்தின் வேலை தொடங்கிய பிறகு, தெற்கே மெரினாவில் மணல் பெருகிற்று. வடக்கே ராயபுரத்துப் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. புதுச்சேரியில் 1980-களில் துறைமுகத்துக்காகக் கற்சுவர் கட்டிய பிறகு, நகரத்தின் அழகிய மணற்கரை மறைந்து கருங்கற்குவியல் மிஞ்சிற்று. மெரினாவில் காற்று வாங்கும் நாம், ராயபுரத்தின் மணலில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

மதில் வைப்பவர்களைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1991இல் இந்திய அரசாங்கம் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையை வெளியிட்டது. உச்ச அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையில் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2019இல் புதிய அறிவிக்கை வந்து, ஜன நெருக்கமுள்ள கிராமப் பகுதிகளில் கட்டடமே கூடாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. மணல் மேடுகளுக்குப் பாதுகாப்பு இன்னும் ஏட்டில் இருக்கிறது. ஆனால் மணல் மேட்டின் அருமை ஏட்டைப் படிப்பவர்களைவிடப் பேரலையைக் கண்டவர்களுக்கே தெரியும். உயர்ந்த மேடும், அதைப் பிடித்து வைக்கும் அடும்பும் இருந்த இடங்களில் அலையின் வேகம் தணிந்தது. காவற்காரன் என்று என் பையன் சொன்னது எவ்வளவு பொருத்தம்!

இந்த விஷயத்தில் மாலத்தீவுக்காரர்களின் கவலை நம்மைவிடப் பெரிது. அந்தத் தேசத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரங்கூட இல்லை. எதிர் வீட்டுக்காரரின் சாய்வு நாற்காலிக்கு அடியில் இருந்த மணலும் இதே மாதிரி இடம் மாறும் மணல்தான்.

6

மூன்றாவது இரவு. தோப்பு வீட்டில் இராப் போஜனம் முடிந்து, கடலோரத்தில் உலாவப் போனோம். நிலவில்லை. மாலையில் அதே கரையில் செத்துக் கிடந்த ஓர் ஆமையைக் குழந்தைகள் கண்டு வருத்தத்தோடு திரும்பியிருந்தார்கள். பங்குனி ஆமை என்று பெயர். தை முதல் பங்குனி வரையில் இவை முட்டையிட நம் கரைக்கு வருகின்றன. 2025 ஜனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியதை நேயர்கள் பத்திரிகைகளில் படித்திருப்பார்கள். ஆமை மீனல்ல, மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் அகப்பட்டுக் கொண்டால் நீருக்குள்ளேயே மூச்சு முட்டி இறந்து போகிறது. விசைப்படகுகள் கரைக்கு அருகே மீன் பிடிக்கக் கூடாது என்பது 1983ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதி. அது சரிவர அனுஷ்டிக்கப்பட்டால் ஆமையும் பிழைக்கும், சிறு படகு மீனவரும் பிழைப்பார்.

திடீரென்று பெண் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அலையின் நுரையிலிருந்து ஒரு கறுத்த உருவம் மெல்ல மேலேறி வந்து கொண்டிருந்தது. பையன் கைவிளக்கை ஏற்றப் போனான். மனைவி அவன் கையைப் பற்றி, "வேண்டாம். பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்" என்றாள்.

நாங்கள் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். ஆமை நாலடி நகரும், நின்று பெருமூச்சு விடும், மறுபடி நகரும். அலை எட்டாத மேட்டுக்கு வந்ததும், பின்கால்களால் குழி பறித்தது. எவ்வளவு பொறுமை! ஒரு குழியில் ஏறக்குறைய 100 முட்டை இடுமாம். முடிந்ததும் மணலைத் தள்ளி மூடி, தன் உடம்பாலேயே தட்டிக் கெட்டித்து, திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விட்டது. இனி அந்த முட்டைகளுக்குத் தாயும் மணல், தாதியும் மணல். சுமார் ஐம்பது நாளில் குஞ்சுகள் வெளிவரும். வானும் கடலும் சேரும் இடத்தின் மங்கலான வெளிச்சத்தை நோக்கி அவை ஓடும். கரையில் பெரிய மின்சார விளக்குகள் எரிந்தால், கடலென்று எண்ணிச் சாலைப் பக்கம் ஓடி மடியும். பெண் ஆமைகள் பருவம் வந்ததும் முட்டையிடத் தாம் பிறந்த கரைப்பக்கத்தையே தேடி வருகின்றன. அப்போது அங்கே மணல் இருக்க வேண்டும்!

திருக்கழுக்குன்றத்தைப் பார்த்தபோது என் மனத்தில் எழுந்த ஏக்கத்தின் காரணம் அந்த இருளில் எனக்கு விளங்கிற்று. விருந்தாளி வருவது நின்று போன பிறகு, வீட்டுக்காரன் வாசலில் நின்று என்ன பயன்?

ஆனால் நம் ஜில்லா விருந்தோம்பல் தெரியாத ஜில்லா அல்ல. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் வேடந்தாங்கல் இருக்கிறது. பறவைகளைச் சுடக்கூடாது என்று அந்தக் கிராமத்து ஜனங்கள் முறையிட்டு, 1798இலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். இன்றைக்கும் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கிறார்கள். ஆகையால் இருநூறு வருஷத்துக்கு மேலாகப் பறவைகள் தவறாமல் வந்து கொண்டிருக்கின்றன. நெல் விளைவிக்கும் ஒரு சிறு கிராமத்துக்குச் சாத்தியமானது, ஓய்வு தேடிக் கடற்கரைக்கு வரும் படித்த குடும்பங்களான நமக்குச் சாத்தியப்படாதா?

நாம் செய்ய வேண்டியது அதிகமில்லை. தை, மாசி மாதங்களில் போகலாம். சித்திரை வெயில் பொறுக்காது, ஐப்பசியில் மழை விடாது. ஓடுவதை விட்டு இரண்டு இரவாவது தங்கலாம். குப்பத்துப் படகுக்கும், குப்பத்து மீனுக்கும், தெருவோரச் சிற்பியின் கைவேலைக்கும் பேரம் பேசாமல் காசு கொடுக்கலாம். கொண்டுபோன பிளாஸ்டிக் பைகளைத் திருப்பிக் கொண்டு வரலாம். இரவில் விளக்கைத் தணிக்கலாம். கடலைப் பார்த்தாற்போல் மனை வாங்கச் சொல்லித் தரகர் வந்தால், அந்த மனை வருஷத்தில் பாதி நாள் கடலுக்குச் சொந்தமானது என்பதை ஞாபகப்படுத்தி அனுப்பிவிடலாம்.

நாங்கள் ஊர் திரும்பிய மறுநாள் எதிர் வீட்டுக்காரர் வந்தார். "தீவுக்குப் போய் வந்தீர்களாமே! படங்களைக் காட்டுங்கள்" என்றார். எங்களிடம் இருந்தவை மொத்தம் மூன்று. ஒன்றில் அடும்பங்கொடி, ஒன்றில் படகுக்காரரின் முதுகு, மூன்றாவதில் வெறும் இருட்டு.

"இது என்ன?" என்று கேட்டார்.

"ஆமை. விளக்குப் போடாமல் எடுத்தது" என்றான் என் பையன் பெருமையோடு.

அவர் அந்த இருட்டை வெகு நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கடப்பாக்கத்துக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று விசாரித்தார். அடுத்த மாதம் குடும்பத்தோடு போகிறார்கள். தோப்பு வீட்டின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. வெளிச்சமான விளக்கு எதையும் எடுத்துப் போக மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்த பிறகே கொடுப்பதாக இருக்கிறேன்.